கோழிக்காலுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்

“கோழிட காலெல்லாம் வெள்ளையா உரிஞ்சு, பொருக்குப் பிடிச்சுக் கிடக்கு. மாமி சொன்னா மண்ணெண்ணெய் பூசச் சொல்லி. பூசட்டா?”

ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கத்தில் ஊர்க்கோழி நிற்கும் எந்த வளவிலும் என்றாவது ஒருநாள் எழக்கூடிய கேள்வி இது. துறைமுகத்தடி வீடுகளில் சற்றுக் கூடுதலாகவே எழும். அங்கே மண்ணெண்ணெய் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சின்ன ஃபைபர் வள்ளங்களின் எஞ்சின் குடிப்பதே அதைத்தான். கலனில் மிஞ்சியது கோடிப்புறத்தில் இருக்கும், கோழியும் அதே கோடியில்தான் மேயும். கையும் காலும் கலனும் இவ்வளவு கிட்ட இருந்தால் மாமிக்கு வேறு யோசனை வராது.

பூச வேண்டாம் என்பதுதான் பதில். ஏன் வேண்டாம், பிறகு எதைத்தான் பூசுவது என்பதற்கு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் வேண்டும். ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் காலைப் பார்ப்போம். நல்ல கோழியின் கால் வழுவழுப்பாக இருக்கும். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, விரலால் தடவினால் தடங்கல் தெரியாது. நோய் பிடித்த காலில் அந்தச் செதில்கள் கிளம்பி நிற்கும். மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சீவத் தொடங்கியதும் செதில் எப்படி எழும்பி நிற்குமோ, அப்படி. எழும்பிய செதிலின் அடியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மாப்போல ஒரு பொருக்கு. விரல்களில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறும். நாட்பட்டால் கால் தடித்து, கணுக்கள் மடங்க மறுத்து, கோழி நொண்டும். கம்பில் ஏறி அடையாமல் தரையில் குந்தியிருக்கும். இன்னும் விட்டால் விரல் நுனி செத்து விழுவதும் உண்டு. சில வேளை கொண்டையிலும் தாடியிலும் கூட இந்தப் பொருக்கு தெரியும், ஆனால் அது அபூர்வம்.

கடற்கரை வீடுகளில் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய ஒன்று இருக்கிறது. தங்கூசி. வலை பிரிக்கும் இடத்தில் கோழி கிளறித் திரியும்போது அறுந்த தங்கூசித் துண்டு காலில் சுற்றிக்கொள்ளும். கண்ணுக்கு இலேசில் தெரியாது. நாளாக ஆக அது தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும், அதற்குக் கீழே கால் வீங்கும். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, ஒரே இடத்தில் வளையம் போட்டதுபோல் பள்ளம் தெரிகிறது என்றால், எதையும் பூசுவதற்கு முன் அந்த வளையத்தை நன்றாகத் தேடிப் பாருங்கள். சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. செதில் நோய் பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும்.

பாதத்தின் அடியில் மட்டும் உருண்டையான கட்டி, நடுவில் கறுத்த பொருக்கு என்றால் அதுவும் வேறு. முள்ளோ கல்லோ குத்திய காயத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டியது. அதற்கு எண்ணெய் பூசி ஒரு பலனும் இல்லை. வயது போன சேவலின் காலில் செதில் கொஞ்சம் முரடாக இருப்பதும் இயல்புதான். முரடாக இருப்பது வேறு, கிளம்பி நிற்பது வேறு.

இனி, செதிலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது. அங்கே குடியிருப்பது ஒரு சிற்றுண்ணி. க்னெமிடோகொப்டிஸ் மியூட்டன்ஸ் என்று அதற்குப் பெயர். 1859 இல் பிரான்ஸ்காரர்களான ரோபனும் லங்கெத்தினும் விவரித்துப் பெயரிட்டதிலிருந்து இன்றுவரை கோழிகளை விட்டபாடில்லை. உருண்டை உடம்பு, கட்டைக் கால்கள், நீளம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. மனிதருக்குச் சொறி உண்டாக்கும் சிற்றுண்ணிக்கு இது ஒருவகையில் உறவு. அது நம் தோலைத் துளைப்பதுபோல இது கோழிக்காலின் தோலைத் துளைத்துச் சுரங்கம் போடுகிறது. உறவு என்றதும் பயப்பட வேண்டாம். கோழியின் சிற்றுண்ணி மனிதரில் குடும்பம் நடத்துவதில்லை. கோழியைப் பிடித்துக் காலைக் கழுவிய பிறகு சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினால் போதும்.

இந்தச் சிற்றுண்ணி முழு வாழ்க்கையையும் கோழியின் மேலேயே முடித்துக்கொள்கிறது. பெண் சிற்றுண்ணி சுரங்கத்துக்குள்ளேயே குஞ்சு ஈனும். குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே இணைந்து, அடுத்த சுரங்கத்தைத் தோண்டும். ஒரு தலைமுறைக்குச் சில கிழமைகள் போதும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், மருந்து எத்தனை நாள் போடுவது என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

நாம் பார்க்கும் வெள்ளைப் பொருக்கு சிற்றுண்ணி அல்ல. பெரும்பகுதி கோழியின் சொந்தத் தோல்தான். உள்ளே துளைத்துத் துளைத்து எரிச்சல் உண்டாக, தோல் தன்னைக் காத்துக்கொள்ள அடுக்கடுக்காகத் தடிக்கிறது. அதோடு கசிந்த நீரும் சிற்றுண்ணியின் கழிவும் சேர்ந்து இறுகுகின்றன. அந்த இறுக்கம்தான் செதிலைக் கிளப்புகிறது. கோழி தன் பாதுகாப்புக்குக் கட்டிய சுவர், கடைசியில் சிற்றுண்ணிக்கே கூரையாகிறது. மேலே தூவும் பொடி மருந்து எதுவும் உள்ளே போய்ச் சேராததற்கு இதுவே காரணம். சாம்பலும் மணலும் கலந்து கோழிக்கு மண்குளிப்புக்கு வைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். உடம்பில் ஊரும் பேனுக்கும் செள்ளுக்கும் அது உதவும். கால் சிற்றுண்ணியை அது ஒன்றும் செய்யாது.

கடல்தான் காரணம், உப்பு மணல் காலைத் தின்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஒலுவிலில் கடலைக் குற்றஞ்சொல்ல ஆட்களுக்குக் காரணம் இருக்கிறது. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டி, 2013 செப்டெம்பரில் திறந்துவைத்த துறைமுகத்தின் வாயை மணல் வந்து அடைத்தது. வடக்குப் பக்கமோ கரை அரித்து, தென்னையும் காணியும் கடலோடு போயின. அதற்கெல்லாம் துறைமுகத்தையும் கடலையும் கேட்கலாம். கோழிக்காலுக்குக் கேட்க முடியாது. கடலையே காணாத உள்நிலத்துக் கோழிகளுக்கும் இந்த நோய் வருகிறது, பனி பெய்யும் நாட்டுக் கோழிகளுக்கும் வருகிறது. தொற்றுவது கோழியிலிருந்து கோழிக்கு, நெருங்கி அடையும் கம்பில்.

மாமியின் மண்ணெண்ணெய்க்கு வருவோம். மாமி சொல்வது முழுப் பொய்யில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் சிற்றுண்ணியைக் கொல்லும். அமெரிக்காவின் பழைய பண்ணைக் குறிப்புகளில் கூட மண்ணெண்ணெயையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து கோழிக்காலுக்குப் பூசச் சொல்லியிருந்தார்கள். வேறு மருந்து கைக்கெட்டாத காலம் அது. பூசிய சில கோழிகளுக்குச் சுகம் வந்திருக்கும், அந்தச் சுகம்தான் வாய்வழியாக இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் அது சிற்றுண்ணியைக் கொல்வதோடு நிற்பதில்லை. பொருக்குக்கு அடியில் கோழியின் தோல் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிறது. அதில் மண்ணெண்ணெய் பட்டால் எரிந்து வெந்துபோகும். கோழி சும்மா நிற்குமா? அலகால் காலைக் கொத்தும், இறகைக் கோதும். மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் போகும், மூச்சிலும் ஏறும். அடுப்படிக்குப் பக்கத்துக் கூட்டில் மண்ணெண்ணெய் மணக்கும் கோழியை அடைத்து வைப்பதில் உள்ள ஆபத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஒயில் இதைவிட மோசம். அதில் உலோகத் துகளும் எரிந்த எண்ணெயின் நஞ்சும் கலந்திருக்கும். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டுவதால் பலமான மருந்து என்று தோன்றும். தோன்றுவது மட்டும்தான். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் பாய்ந்தபோது, கோழிக்காலில் ஊற்ற யாருக்கும் மனம் வந்திராது. கோழிகளுக்காவது அந்த விலையேற்றத்தில் ஒரு நன்மை கிடைத்திருக்கும்.

சரி, எதைப் பூசுவது? தேங்காயெண்ணெய். அதுவும் வீட்டில்தான் இருக்கிறது.

இந்தச் சிற்றுண்ணிக்கு மூச்சுக் குழாயும் இல்லை, மூச்சுத் துளையும் இல்லை. உடம்பின் மெல்லிய தோல் வழியாகவே காற்றை எடுக்கிறது. அதன் உடம்பை எண்ணெய்ப் படலம் மூடிவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். நஞ்சு தேவையில்லை, மூடினாலே போதும். தேங்காயெண்ணெய் இல்லையா, வாசலின் பூசுங்கள். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு கலந்து பூசுவோரும் உண்டு, தவறில்லை. சொறிக்குப் பாமசியில் கொடுக்கும் கந்தகக் களிம்பும் பழைய, நம்பத்தக்க மருந்துதான். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். காய்ந்து இறுகிய பொருக்கின் மேல் எதைப் பூசினாலும் மேலோடு நின்றுவிடும். வைத்தியத்தில் பாதி அந்தப் பொருக்கை இளக்குவதில்தான் இருக்கிறது. ஆட்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவதும் அந்தப் பாதியைத்தான்.

வெயில் நன்றாக எறிக்கும் நாளில் காலையில் தொடங்குங்கள். ஒரு பேசனில் வெதுவெதுப்பான தண்ணீர். உங்கள் முழங்கையை வைத்தால் சுடக்கூடாது. குழந்தைகளுக்குப் போடும் சவுக்காரத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளுங்கள். கோழியை ஒரு பழைய துவாயில் சுற்றி, சிறகு அடிக்க முடியாமல் அணைத்துப் பிடித்து, இரண்டு காலும் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கும்படி வையுங்கள். பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். முதலில் உதறும், பிறகு வெதுவெதுப்பு பிடித்துப்போய்க் கண் சொருகிக்கூட நிற்கும். ஒருவர் பிடிக்க ஒருவர் கழுவுவது இலேசு. ராத்தாவையோ காக்காவையோ கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஊறிய பிறகு மென்மையான பழைய பல் பிரஷால், செதில் படிந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். தானாக வரும் பொருக்கு வரட்டும். வராததை நகத்தால் பிய்க்கக் கூடாது. இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். பொருக்கை உரித்தெடுப்பதில் கைக்கு ஒரு திருப்தி இருக்கிறது, அது உண்மை. உரித்த இடத்தில் இரத்தம் கசியும், செதில் வேரோடு போகும், அந்தப் புண்ணில் வேறு கிருமி ஏறும். இன்று வராத பொருக்கு மூன்றாவது, நாலாவது முறை ஊறும்போது தானே கழன்று வரும்.

பிறகு துவாயால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் பிடிக்காது. கால் காய்ந்ததும் எண்ணெயைக் கையில் எடுத்து, கணுவிலிருந்து விரல் நுனிவரை, செதிலுக்கு அடியில் புகும்படி நன்றாகத் தேய்த்துவிடுங்கள். விரல் இடுக்கும் பாதத்தின் அடியும் விடுபடக் கூடாது. நோய் தொடங்குவதே அங்கேதான். தொடை இறகிலும் வயிற்றிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டைக் காக்காது, மழைக்காலத்தில் கோழி நடுங்கும்.

ஒவ்வொரு முறையும் ஊறவைக்க வேண்டியதில்லை. ஊறவைத்துக் கழுவுவது கிழமைக்கு ஒரு தடவை போதும். இடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணெய் மட்டும். அதற்கு நல்ல நேரம் மஃரிபுக்குப் பிறகு. கோழி அடைந்துவிட்டால் துரத்திப் பிடிக்கத் தேவையில்லை. டோர்ச் வெளிச்சத்தில், கம்பில் இருந்தபடியே காலைப் பிடித்துப் பூசிவிடலாம். பகலில் வளவைச் சுற்றி ஓடிப் பிடிப்பவருக்கு இரண்டாம் தடவை வைத்தியம் செய்யும் ஆசையே போய்விடும்.

எத்தனை நாளைக்கு? குறைந்தது ஒரு மாதம், பொருக்கு தடித்திருந்தால் ஆறு கிழமை. சிற்றுண்ணியின் தலைமுறைக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். முதல் கிழமையிலேயே கோழி நொண்டுவதை விடும், பொருக்கு இளகி விழும், சுகம் வந்துவிட்டதென்று தோன்றும். ஆழத்துச் சுரங்கத்தில் தப்பிய நாலைந்து சிற்றுண்ணி அப்போதும் உயிரோடுதான் இருக்கும். அங்கே நிறுத்தினால் மூன்று மாதத்தில் கால் பழையபடி ஆகும். ‘தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தேன், சரிவரல்ல’ என்று சொல்பவர்களிடம் எத்தனை கிழமை போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது. ஆறு கிழமை ஒழுங்காகப் பூசியும் கால் வழுவழுப்பாகவில்லை என்று கவலைப்பட்டு, பலமான மருந்து தேடிப் போவது. சிற்றுண்ணி எல்லாம் செத்தாலும் கிளம்பிய செதில் படியாது. கோழி இறகு உதிர்க்கும் பருவத்தில்தான் பழைய செதில் கழன்று புதுச்செதில் வரும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பொருக்கு புதிதாக வளர்கிறதா, மேலே ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வைத்தியம் பலித்துவிட்டது. மோசமாகக் கெட்ட கால் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிடுவதும் உண்டு. அதனால் கோழிக்கு ஒரு குறையும் இல்லை.

அடைகாக்கும் பேட்டுக்கு மட்டும் எண்ணெய் பூச வேண்டாம். முட்டையோட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, உள்ளிருக்கும் கரு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். எண்ணெய்க் காலோடு கோழி போய் முட்டைமேல் உட்கார்ந்தால், எந்த வித்தையால் சிற்றுண்ணி செத்ததோ அதே வித்தையால் குஞ்சும் செத்துப்போகும். இருபத்தொரு நாளும் முடிந்து குஞ்சு பொரிக்கட்டும். கால் மிகவும் மோசமாக இருந்தால் அந்தப் பேட்டை அடைக்கு வைக்காமலே இருப்பது நல்லது. குஞ்சுகளை அணைத்துக்கொண்டு இரவும் பகலும் கிடக்கும் தாய் தன் சிற்றுண்ணியையும் சேர்த்துத்தான் கொடுக்கும்.

ஊசி மருந்து ஒன்று இருக்கிறதாமே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஐவர்மெக்டின். ஜப்பானில் கவானா என்ற கடலோர ஊரின் கொல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது. மண்ணை எடுத்த சத்தோஷி ஓமுராவுக்கும், அதிலிருந்து மருந்துக்கு வழிகண்ட வில்லியம் கேம்பலுக்கும் 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்ணி, புழு எல்லாவற்றுக்கும் போடுவார்கள். கோழியின் கால் சிற்றுண்ணிக்கும் நன்றாகவே வேலை செய்யும்.

பிரச்சினை அளவில் இருக்கிறது. மாட்டுக்கு வாங்கும் ஊசி மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மருந்து. ஐம்பது கிலோ உடம்புக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது கணக்கு, அதாவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ ஊர்க்கோழிக்கு இதே கணக்கைப் போட்டால் 0.03 மில்லிலீற்றர் வரும். ஒரு துளியை விடவும் குறைவு. மாட்டுக்குப் போடும் சிறிஞ்சில் அதை அளக்கவே முடியாது. ‘ஒரு சொட்டுத்தானே’ என்று கையால் கணக்குப் போட்டு இரண்டு மூன்று சொட்டு ஊற்றினால் பல மடங்கு மருந்து போய்விடும். கோழி மயங்கித் தள்ளாடும், செத்தும் போகலாம். மருந்து முட்டையிலும் இறங்கும். காலையில் பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கும் முட்டை அது. ஆகவே இந்த மருந்து வேண்டுமென்றால் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய நிலையத்துக்குக் கோழியைக் கொண்டுபோய், நிறுத்து, வைத்தியர் சொல்லும் அளவைப் போடுங்கள். எத்தனை நாளைக்கு முட்டை எடுக்கக் கூடாது, எத்தனை நாளைக்கு அறுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பெருநாள் கிட்டியிருந்தால் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கால் சிற்றுண்ணி முட்டையையும் இறைச்சியையும் ஒன்றும் செய்வதில்லை. மருந்துக்குத்தான் அந்தக் கவனம்.

ஏழெட்டுக் கோழியில் ஒன்றிரண்டுக்கு மட்டும் நோய் என்றால் எண்ணெயே போதும், வைத்தியரைத் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐம்பது அறுபது கோழி வைத்திருப்பவர் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருக்க முடியாது. அவருக்குத்தான் அந்த ஊசி.

ஒரு கோழிக்கு வந்தால் எல்லாக் கோழியின் காலையும் பாருங்கள். வீட்டில் ஒருவருக்குச் சொறி என்றால் வைத்தியர் எல்லோரையும் பூசச் சொல்வதன் நியாயம் இங்கேயும் பொருந்தும். தெரியும்படி பொருக்கு இல்லாத காலுக்கும் கிழமைக்கு ஒரு தடவை எண்ணெய் தடவிவிடலாம். காலில் இறகு முளைக்கும் சாதி இருந்தால் இறகை விலக்கிப் பார்க்க வேண்டும், அங்கே நோய் ஒளிந்து வளரும்.

அடுத்தது கூடு. துறைமுகத்தடியில் பல கூடுகள் உடைந்த வள்ளத்துப் பலகையில் அடித்தவை. உப்பில் ஊறி, வெயிலில் வெடித்து, ஆணித் துவாரமும் பிளவுமாக இருக்கும் பலகை. கால் சிற்றுண்ணி கோழியை விட்டுப் பிரிந்தால் பெருகாது என்றாலும், உதிர்ந்த பொருக்கோடு கம்பில் கொஞ்சக் காலம் காத்திருந்து அடுத்த காலைப் பிடிக்கும். வைத்தியம் தொடங்கும் அன்றே அடையும் கம்பை மாற்றிவிடுங்கள். பழைய கம்பை எரித்துவிடலாம். கூட்டுக்கு அடியில் சேர்ந்த எச்சத்தையும் உமியையும் வழித்தெடுத்து, பலகைப் பிளவுகளில் புதுச் சுண்ணாம்பைக் கரைத்து நன்றாக அடையுங்கள். காய்ந்த பிறகு கோழியை விடுங்கள்.

அந்தப் பிளவுகளில் இன்னொரு கூட்டமும் குடியிருக்கலாம். பகலில் பலகைக்குள் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும் சிவப்புச் சிற்றுண்ணி. அது காலைத் துளைக்காது. கோழி வெளிறிப் போகும், முட்டை குறையும், இரவில் கூட்டுக்குள் போக மறுக்கும். இரவில் வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் இரத்தக் கறை பட்டால் அதுதான். கோழியே இல்லாத கூட்டிலும் அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். அதற்கு மருந்து போட வேண்டியது கோழிக்கல்ல, கூட்டுக்கு. அடைக்கோழியைத் தூக்கினால் நம் கையில் ஏறி நமைக்கச் செய்வது பெரும்பாலும் வெப்ப நாடுகளுக்கே உரிய மற்றொரு செள்ளு. அந்த அடையைக் குஞ்சு இறங்கியதும் எரிப்பதுதான் வழி. மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்டுப் போய்க் கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு பொடியோடு வருவதால்தான் மூன்றில் ஒன்றும் தீர்வதில்லை.

நோய் நம் வளவுக்கு எப்படி வந்தது என்பதற்கு அநேகமாக ஒரே பதில்தான்: புதிதாக வாங்கிய கோழியோடு. முட்டை விலை ஏறி, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு பேடாவது வளவில் நிற்கட்டும் என்று அந்த நாட்களில் யோசித்த வீடுகள் பல. வாங்கும்போது கொண்டையைப் பார்க்கிறோம், நிறுத்துப் பார்க்கிறோம், காலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விற்பவர் காலைக் கயிற்றால் கட்டித் தலைகீழாகத் தூக்கித்தான் தருகிறார். கால் கண்ணுக்கு நேரேதான் வருகிறது, அப்போதும் பார்ப்பதில்லை. வாங்கிய கோழியை இரண்டு மூன்று கிழமை தனியாகக் கட்டி வையுங்கள். முதல் நாளே காலைக் கழுவி எண்ணெய் பூசிவிடுங்கள். கால் சிற்றுண்ணியை விடப் பெரிய ஆபத்தான ராணிக்கெட் நோய்க்கும் அந்தத் தனிமை உதவும். ராணிக்கெட் வந்தால் ஒரு கிழமையில் கூடே காலியாகும் என்பதால் எல்லோருக்கும் அதில் பயம் இருக்கிறது. கால் நோய் ஆளை அவசரப்படுத்துவதில்லை, மெல்ல வருத்துகிறது. அதனால்தான் விரல் விழும் வரை யாரும் கவனிப்பதில்லை.

விரல் போன கோழியை அறுத்துவிடுவதா என்று கேட்பவர்களுக்கு: தீன் தின்கிறது, புண் ஆறியிருக்கிறது, முட்டை இடுகிறது என்றால் வைத்திருங்கள். உயரக் கம்பை அது பிடிக்காது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அகலமான பலகை ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். மாரி காலத்தில் அதன் கீழே காய்ந்த மணலைக் கொட்டி, நனைய நனைய மாற்றுங்கள். புண் ஆறாமல் நாறுகிறது, கால் சூடாக வீங்கியிருக்கிறது, கோழி தீனை விட்டுவிட்டது என்றால் அது எண்ணெயைத் தாண்டிய நிலை. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.